ஒரு கழனி, மூன்று தலைமுறை

வல்லக்கோட்டையில் ஏரிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் கழனி. நவரைக்கு கோ 51 நட்டிருக்கிறார்கள். பட்டா எழுபது வயது தாத்தா பேரில். மகனுக்கு ஒரகடம் சிப்காட்டில் உதிரிபாகக் கம்பெனி வேலை. டிப்ளமோ முடித்த பேரனும் அங்கேயே இன்னொரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறான். 2010-ல் ரெனோ-நிசான் ஆலை வந்த பிறகு இந்தப் பக்கத்து இளவட்டம் விடிந்தால் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறது. நடவுக்கு வரும் பெண்களில் ஐம்பதுக்குக் கீழே ஒருவரும் இல்லை.

சண்டை யூரியாவில்தான். பயிர் கருகருவென்று இருக்க வேண்டும் தாத்தாவுக்கு. பேரன் இலை வண்ண அட்டையோடு வந்தான்.

"அட்டையப் பாத்துதான் தெரியணும்னா, அம்பது வருஷமா நான் எதடா பாத்தேன்?"

"நீங்க பாத்தது சரிதான் தாத்தா. இப்ப கண்ணுல புரை இருக்கில்ல?"

அன்று முழுக்க அவர் பேரனிடம் பேசவில்லை. மகன் இரண்டு பக்கமும் சேரவில்லை. கம்பெனியில் தன்னைவிடச் சின்னப் பையன் திருத்தும்போது வாயை மூடிக்கொள்கிறவருக்கு, அப்பாவின் கோபம் எதுவென்று தெரியாதா?

அட்டை பார்ப்பது பெரிய வித்தை இல்லை. நட்ட 14-ஆம் நாள் முதல் பூக்கும் வரை வாரம் ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள், பத்துப் பயிரில் மேலே முழுதாக விரிந்த இலையின் நடுப்பகுதியை, வெயில் படாமல் நம் நிழலில் வைத்து ஒப்பிட வேண்டும். ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட இலைகள் 4-க்குக் குறைந்தால் ஏக்கருக்கு 25 கிலோ அளவில் யூரியா. வெள்ளைப் பொன்னிக்கு அந்த எண் 3. புரை விழுந்த கண்ணுக்கு இலை மஞ்சளாகத் தெரியலாம். அட்டையும் அதே கண்ணுக்கு அப்படித்தானே தெரியும்? ஒப்பிடும்போது அந்தக் குறை பெரிதாக இடிக்காது. சொல்லப்போனால் அட்டை பெரியவர்களுக்குத்தான் அதிகம் உதவும்.

பேரனுக்குக் காலை ஷிப்ட் வந்த வாரம் அட்டை தாத்தா கைக்குப் போனது, வேறு ஆளில்லை. இலைக்கு இலை எண்ணை போனில் சொன்னார். ஏரிக்கோடி மூலையில் மட்டும் எண் இறங்கியது. பேரன் யூரியா என்றான்.

"அங்க யூரியா கேக்காதுடா. தண்ணி நிக்கற எடம், இலையில துருப்புள்ளி பாரு."

துத்தநாகக் குறை. அட்டைக்கு அது தெரியாது. அந்த மூலைக்கு ஏக்கருக்கு 10 கிலோ கணக்கில் துத்தநாக சல்பேட் வாங்கிப் போட்டார்கள்.

இப்போது பேரன் கேட்பது வேறு. விதை, உரம், விற்ற காசு எல்லாம் தன் பொறுப்பில் ஐம்பது சென்ட். கையில் கொடுக்காத நிலத்தின் மேல் பிள்ளைக்கு எப்படி ஒட்டுதல் வரும்? மனைத் தரகர் மாதம் ஒருமுறை வந்து போகிற ஊர் அது. தாத்தா யோசித்து நாற்பது சென்ட் கொடுத்தார், அந்த ஏரிக்கோடி மூலையை. பேரன் சொர்ணவாரிக்கு விதை கேட்டு வைத்திருக்கிறான்.