வோல்ட்டா ஏரிப் பிள்ளைகள்

"கானாவுக்குப் போகிறேன்" என்று என் தம்பி மகள் சொன்னபோது, "பாட்டுக் கற்றுக் கொள்ளவா?" என்று கேட்டாள் அவளுடைய பாட்டி. கானா என்பது பாட்டு அல்ல, மேற்கு ஆப்பிரிக்காவில் கடலோரமாக உள்ள ஒரு தேசம் என்று விளக்குவதற்கே அரை மணி நேரம் ஆயிற்று. அங்கே ஏரியில் மீன் பிடிப்பதற்காக விற்கப்பட்டுப் பின்னர் மீட்கப்பட்ட குழந்தைகள் இருக்கிறார்கள் என்றும், அவர்களுக்கு ஒரு மாதம் பாடம் சொல்லிக் கொடுக்கப் போவதாகவும் பெண் சொன்னாள். பாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இந்தக் காலத்திலுமா அடிமை?" என்றாள்.

பதினேழு வயதுப் பெண்ணைத் தனியே அனுப்ப வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுச் சும்மா இருந்த பெரியப்பாவாகிய நான் துணைக்குப் புறப்பட்டேன்.

தலைநகரமாகிய அக்ராவில் இறங்கியதும், குழந்தைகளைப் பார்க்குமுன் அந்த ஏரியைப் பார்த்துவிட வேண்டும் என்று பெண் பிடிவாதம் செய்தாள். வடகிழக்கே சுமார் 100 கிலோ மீட்டர் பிரயாணம் செய்து அகோசொம்போ போய்ச் சேர்ந்தோம். இரண்டு குன்றுகளுக்கு நடுவே வோல்ட்டா நதியை மறித்துக் கட்டிய அணை அங்கே இருக்கிறது. பிரிட்டிஷார் 'தங்கக் கரை' என்று அழைத்த நாடு 1957 மார்ச் 6-ஆம் தேதி சுதந்திரம் பெற்றுக் கானா ஆயிற்று. தேசத்துக்கு மின்சாரமும் தொழிலும் வேண்டும் என்று முதல் தலைவர் குவாமே நிக்ருமா கனவு கண்டார். 1961-இல் தொடங்கிய வேலை 1965-இல் முடிந்தது. அணைக்குப் பின்னால் சுமார் 8,500 சதுர கிலோ மீட்டர் நிலம் தண்ணீருக்குள் போயிற்று. மனிதன் உண்டாக்கிய ஏரிகளில் உலகத்திலேயே மிகப் பெரியவற்றுள் இதுவும் ஒன்று. எழுநூறுக்கு மேற்பட்ட கிராமங்கள் மூழ்கின. சுமார் 80,000 ஜனங்கள் வீடு வாசலை விட்டுப் பெயர்ந்தார்கள்.

சுதந்திர தேசம் ஒன்று தன் முயற்சியால் தலை நிமிர்ந்ததற்கு அந்த அணை ஓர் அடையாளம். அதைப் பார்த்தபோது எனக்கும் பெருமிதம் உண்டாயிற்று. ஆனால், அந்தத் தண்ணீருக்குள் காடுகளும் மூழ்கின. மரங்களை முழுவதும் வெட்டி அப்புறப்படுத்தவில்லை. பட்ட மரங்கள் இன்னமும் நீருக்கடியில் நிற்கின்றன. வீசிய வலை அவற்றின் கிளைகளில் சிக்கிக் கொள்கிறது. சிக்கிய வலையை விடுவிக்க யாராவது மூழ்க வேண்டும். சிறிய உடம்பும் சிறிய விரல்களும் அதற்குத் தோதானவை என்று யாரோ கண்டுபிடித்தார்கள். அன்று தொடங்கியது குழந்தைகளின் துயரம்.

விடியுமுன் எழுந்து துடுப்புப் போட வேண்டும்; படகில் ஊறும் தண்ணீரை இறைக்க வேண்டும்; வலையை இழுக்க வேண்டும்; மூழ்க வேண்டும். மூழ்கியவர்களில் சிலர் மேலே வருவதில்லை. ஏரிப் படகுகளில் காணும் பிள்ளைகள் எல்லாரும் விலைக்கு வந்தவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. சொந்தத் தகப்பனாருடன் தொழில் பழகும் பிள்ளைகளும் உண்டு. யார் எப்படிப்பட்டவர் என்று விசாரித்து அறிவதே மீட்புக்காரர்களின் கடினமான வேலை.

ஏரியிலிருந்து திரும்பி, அக்ராவுக்கு மேற்கே வின்னபா நகரத்தின் பக்கத்தில் உள்ள ஒரு சிறு இல்லத்துக்குச் சென்றோம். ஏரிக்கு அனுப்பப்படும் பிள்ளைகளில் பலர் இந்தக் கடலோரத்தைச் சேர்ந்தவர்களே. வின்னபாவிலேயே இதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. ஜேம்ஸ் கோஃபி அன்னான் என்பவர் ஆறு வயதில் விற்கப்பட்டு, பதின்மூன்றாம் வயதில் தப்பி வந்து, படித்து, பாங்கி உத்தியோகஸ்தராகி, 2003-இல் இத்தகைய குழந்தைகளுக்காக ஒரு ஸ்தாபனத்தை ஆரம்பித்தார். நாங்கள் போனது அது அல்ல; வேறோர் இல்லம். குழந்தைகளின் நலத்தைக் கருதி அதன் பெயரை இங்கே எழுதவில்லை.

இல்லத் தலைவி வாசலிலேயே என் புகைப்படக் கருவியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். "இவர்களை ஒரு முறை விலை பேசியாயிற்று, படமாக இன்னொரு முறை வேண்டாம்" என்றாள். இந்தக் கட்டுரையுடன் அக்குழந்தைகளின் படம் ஒன்றும் வெளியாகாததற்குக் காரணம் அதுதான்.

பெண்ணுக்கு முதல் வாரம் கிடைத்த வேலை பாடம் சொல்லித் தருவது அல்ல, பாத்திரம் துலக்குவது. புளித்த சோள மாவைச் சோளத் தோலில் பொதிந்து வேக வைக்கும் 'கென்கே' என்னும் பண்டத்தை, நம் கொழுக்கட்டையைப்போல, அவள் நூற்றுக் கணக்கில் பொதிந்தாள். அந்தச் சமயத்தில் பத்து வயதுப் பையன் ஒருவன் அவளிடம், "நீ எந்தக் கிழமை பிறந்தாய்?" என்று கேட்டான். பிறந்த கிழமையைக் கொண்டு பெயரிடுவது அந்த ஜனங்களின் வழக்கம். குவாமே என்றால் சனிக்கிழமை, கோஃபி என்றால் வெள்ளிக்கிழமை. நம் பெண்ணுக்குத் தன் நட்சத்திரம் தெரியும், கிழமை தெரியவில்லை. பாட்டிக்கு டெலிபோன் செய்து, வெள்ளிக்கிழமை என்று அறிந்தோம். அன்று முதல் அவள் 'எஃபுவா' ஆனாள்.

இன்னொன்றும் அந்தப் பையன் சொன்னான். அந்தக் கடற்கரையில் செவ்வாய்க்கிழமை யாரும் கடலில் மீன் பிடிப்பதில்லை. கடலுக்கு அன்று ஓய்வு நாள். "ஏரியில் எனக்குச் செவ்வாய்க்கிழமையே கிடையாது" என்றான்.

பெண்ணின் கண்களில் நீர் நிறைந்தது. "அடுத்த வருஷம் கட்டாயம் வருவேன்; உனக்கு ஒரு சைக்கிள் கொண்டு வருவேன்" என்று சொல்லிவிட்டாள்.

அன்று மாலை தலைவி அவளை அழைத்தாள். கோபிக்கவில்லை. "குழந்தாய், இவன் எப்படி ஏரிக்குப் போனான், தெரியுமா? கடலில் மீன் குறைந்து, வீட்டில் அடுப்பு எரியாத சமயத்தில் ஒருவன் வந்தான். தாயின் கையில் கொஞ்சம் பணம் கொடுத்தான். பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பேன், சைக்கிள் வாங்கித் தருவேன் என்றான். தாய் நம்பினாள், பையனும் நம்பினான். நீ அதே வார்த்தையைச் சொல்லலாமா?" என்றாள்.

பெண் இரவெல்லாம் தூங்கவில்லை. "பெரியப்பா, நான் உதவி செய்ய வந்தேனா, உபத்திரவம் செய்ய வந்தேனா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கேப் கோஸ்ட் நகரத்துக் கோட்டைக்கு அவளை அழைத்துச் சென்றேன். அடிமைகளைக் கப்பலேற்றிய வாசல் அங்கே இருக்கிறது. 'திரும்பாத வாசல்' என்று அதற்குப் பெயர். பிரிட்டிஷார் அந்த வியாபாரத்தை 1807-இல் சட்டத்தால் நிறுத்தினார்கள். வாசலைக் கடந்து வெளியே போனால் அடிமைக் கப்பல் இல்லை. வர்ணம் பூசிய மீன் படகுகளும் வலைகளும் கிடக்கின்றன. திரும்பிப் பார்த்தால், அதே வாசலின் வெளிப்புறத்தில் 'திரும்பும் வாசல்' என்று எழுதியிருக்கிறது. பெண் அதை வெகு நேரம் பார்த்துக் கொண்டிருந்தாள். கானாவில் குழந்தைகள் சட்டம் 1998-இலும், மனித வியாபாரத்தைத் தடுக்கும் சட்டம் 2005-இலும் ஏற்பட்டன. வாசலில் எழுதுவதும் சட்டம் எழுதுவதும் நல்ல காரியங்களே. ஆனால் எழுதியதை நிறைவேற்றுவதற்கு ஒவ்வொரு நாளும் யாராவது இருக்க வேண்டும்.

மாலையில் இல்லத்துக்குத் திரும்பியதும், அவள் நேரே பையனிடம் போனாள். "அடுத்த வருஷம் வருவேன் என்று சொன்னது தவறு. வர முடியுமோ, முடியாதோ, எனக்குத் தெரியாது. சைக்கிளும் அப்படித்தான்" என்றாள்.

பையன் சற்று யோசித்தான். "நாளைக் காலை கணக்குச் சொல்லிக் கொடுக்க வருவாயா?" என்று கேட்டான்.

"வருவேன்."

"எத்தனை மணிக்கு?"

"ஆறு மணிக்கு."

மறுநாள் விடியற்காலையில் வானம் இடிந்து விழுந்தாற்போல் மழை கொட்டிற்று. எங்கள் ஜாகைக்கும் இல்லத்துக்கும் நடுவே தெருவெல்லாம் வெள்ளம். "அரை மணி பொறுத்துப் போகலாமே, அம்மா" என்றேன். அவள் காதில் போட்டுக் கொள்ளவில்லை. தொப்பமாக நனைந்துகொண்டு நாங்கள் இல்லத்தை அடைந்தபோது ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது.

தாழ்வாரத்தில் பலகையும் சுண்ணாம்புக் கட்டியுமாகப் பையன் உட்கார்ந்திருந்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான், பெண்ணைப் பார்த்தான். பிறகு ஒன்றும் சொல்லாமல், அவள் உட்காரச் சிறிது நகர்ந்து இடம் விட்டான்.