சேமவச்சு

சென்ற கோடை விடுமுறையில் எமது இல்லத்தில் ஒரு வினா எழுந்தது. முப்பது இலட்சம் ரூபா விலையுள்ள மின்சார மோட்டார் வண்டி ஒன்றை வாங்கலாமா, வாங்கலாகாதா என்பதே அவ்வினா. தமிழ் பயிலும் மாணவர் மோட்டார் வண்டியைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு நகை விளைத்தலும் கூடும். ஆயினும், ஒரு குடும்பம் தன் பொருளையும் மானத்தையும் ஒருங்கே வைத்து நிறுத்துப் பார்த்த செய்தியாகலின், அதனை உள்ளவாறே எழுதத் துணிந்தோம்.

எமதூர் முட்டம். பெரும்பாறைகள் கடலினுள் நீண்டு கிடக்க, மேட்டின்மீது கலங்கரை விளக்கம் நிற்கும் ஊர் அது. எந்தையார் வள்ளத்திற் சென்று மீன் பிடிப்பவர். எம் தமையனார் வணிகக் கப்பலில் எஞ்சினியராக இருக்கின்றார். ஆண்டில் ஆறேழு திங்கள் கப்பலிலும், எஞ்சிய திங்கள் ஊரிலும் இருப்பார். கப்பலில் உள்ள காலத்திற்கே அவர்க்குச் சம்பளம் உண்டு. ஊரில் உள்ள காலத்திற்கு இல்லை. இச்செய்தி பின்னர் வேண்டப்படுமாகலின் ஈண்டே குறித்தோம்.

தமையனார் விரும்பிய வண்டி மஹிந்திரா நிறுவனத்தார் 2024-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் சென்னையில் வெளியிட்ட எக்ஸ்ஈவி 9ஈ என்பது. செங்கற்பட்டை அடுத்த மஹிந்திரா நகரிலுள்ள ஆராய்ச்சிக் கூடத்தார் அதனை உருவாக்குவதிற் பெரும்பங்கு கொண்டனர். முன்னிருக்கைகளின் எதிரே மூன்று திரைகள் ஒரே வரிசையில் ஒளிரும். மேற்கூரை கண்ணாடியாலானது. நின்ற நிலையிலிருந்து மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தை எய்த ஏழு வினாடியும் ஆகாது. 79 யூனிட் மின்சாரம் கொள்ளும் பெரிய மின்கலம் பூட்டிய உயர்வகை, வெளியீட்டுக் காலத்தில் 30 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவாக இருந்தது. காப்பீடு முதலியன சேரின் 32 இலட்சத்தைக் கடக்கும். தமையனாரின் சேமிப்போ 17 இலட்சம். எஞ்சிய 15 இலட்சத்தையும் கடனாகப் பெறுவதென்பது அவர் கருத்து.

இவ்வளவு பெரிய வண்டியை அவர் விரும்பியது வெறும் ஆடம்பரத்தினாலன்று. எமக்குப் பத்து வயதிருக்கும்போது அன்னையாரை மருத்துவர்பால் அழைத்துச் செல்ல வாடகை வண்டி ஒன்றை அமர்த்தினோம். அன்னையார் அப்போது சந்தைக்கு மீன் சுமந்து சென்று விற்று வந்தவர். அன்று அவர் குளித்து, வெளுத்த சேலை உடுத்தியே வந்தார். ஆயினும் வண்டியோட்டி அவரை ஒருமுறை நோக்கினான். பின்னர் ஒரு சொல்லுங் கூறாது, செய்தித்தாளை எடுத்து இருக்கையின்மேல் விரித்தான். அன்னையார் அதன்மேல் அமர்ந்தார். வழியெல்லாம் அத்தாள் சரசரவென்று ஒலித்துக்கொண்டே வந்தது. தமையனார் அன்று பள்ளி மாணவர். அவ்வொலி இன்னும் தம் செவியை விட்டு நீங்கவில்லை என்று அவர் இவ்விடுமுறையிலேதான் எம்மிடம் கூறினார்.

வண்டியை ஓட்டிப் பார்க்கும்பொருட்டு யாவரும் நாகர்கோயிலுக்குச் சென்றோம். விற்பனை நிலையத்தார் மிக்க அன்புடன் கதவைத் திறந்தனர். அன்னையார் உள்ளே நோக்கினார். உடனே குனிந்து தம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "வேண்டாம் அம்மா, போட்டுக்கொண்டே ஏறலாம்" என்றார் ஆங்கிருந்த இளைஞர். தமையனார் முகத்தை மறுபுறந் திருப்பிக்கொண்டார். வண்டி ஓசையின்றி நகர்ந்தது. மேடு பள்ளம் யாதொன்றும் உடலிற் பட்டிலது. அதன் பெருமையிற் குறை கூறுதற்கு எம்மால் ஒன்றுங் காண இயலவில்லை.

இல்லம் மீண்டதும் தமையனார் தம் பக்கத்து நியாயங்களை எடுத்துரைத்தார். மின்வண்டிக்கு ஜி.எஸ்.டி. வரி நூற்றுக்கு ஐந்தே. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய டீசல் வண்டிகளுக்கோ நூற்றுக்கு நாற்பது. எரிபொருட் செலவு மிகக் குறைவு. எண்ணெய் மாற்றுதல், பெல்ட்டு மாற்றுதல் போன்ற வேலைகள் இல்லை. மின்கலம் இரும்புப் பாஸ்பேட்டு வகையினதாகலின் வெப்பத்தைத் தாங்கும், நெடுநாள் உழைக்கும். எமது மாவட்டத்தின் வாயிலாகிய ஆரல்வாய்மொழிக் கணவாயிற் காற்றாலைகள் இரவும் பகலும் சுழல்கின்றன. அண்மையிலுள்ள தூத்துக்குடியிலோ 2025 ஆகஸ்டு 4-ஆம் நாள் வியட்நாம் நாட்டு வின்பாஸ்ட் நிறுவனத்தின் மின்வண்டித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. "காலம் இப்பக்கமே திரும்புகின்றது, நாம் மட்டும் ஏன் பின்தங்கவேண்டும்?" என்றார்.

அவர் மற்றொன்றும் கூறினார். முட்டத்திற்கு மேற்கே அண்மையிலுள்ளது மணவாளக்குறிச்சி. இவ்வட்டாரத்துக் கயிற்றில் ஒட்டிச் சென்ற மணலில் மோனசைட்டு என்னும் கனிமம் உள்ளதை 1909-ஆம் ஆண்டு ஷாம்பர்க் என்ற ஜெர்மானிய இரசாயன நூலார் கண்டறிந்தார். அக்காலத்தில் காஸ் விளக்கின் வலைகளுக்கு வேண்டிய தோரியத்தின்பொருட்டு அம்மணலைத் தேடினர். இக்காலத்திலோ அதே மோனசைட்டிலுள்ள நியோடிமியம், மின்வண்டி மோட்டாரின் காந்தத்திற்கு வேண்டப்படுகின்றது. 2025 ஏப்ரலில் சீனா அருமண் உலோகங்கள் சிலவற்றையும் அவற்றாலான காந்தங்களையும் ஏற்றுமதி செய்வதற்குக் கட்டுப்பாடு விதித்தபோது, பல நாட்டு வண்டித் தொழிற்சாலைகளும் இடர்ப்பட்டன. "உலகம் தேடும் பொருள் நம் காலடி மணலில் இருக்கின்றது" என்று தமையனார் மகிழ்ந்தார். அம்மணலைத் தோண்டினால் கரை அரிக்கப்படுமென்றும் உடல் நலங் கெடுமென்றும் நம் கடற்கரை மக்கள் அஞ்சுவதை யாம் நினைவூட்டினோம். புகை கக்காத வண்டிக்கும் எங்கேனும் ஒருவர் விலை கொடுத்தே தீரவேண்டியிருக்கின்றது. தமையனார் அதனை மறுத்திலர்.

"நீதான் வீட்டிற் படித்த பிள்ளை; கணக்கைப் போடு" என்று எந்தையார் எம்மைப் பணித்தார். கோபுரங் கட்டப் புகுவோன் முதற்கண் அமர்ந்து செலவை எண்ணவேண்டும் என்னும் உவமையைச் சிறுவயது முதல் ஆலயத்திற் கேட்டு வந்தோம். அதனை நடத்திப் பார்க்கும் வேளை இப்போதுதான் வாய்த்தது. தமிழிலக்கணம் படிப்பார்க்கும் கூட்டல் கழித்தல் வருமன்றே! ஏடும் எழுதுகோலும் கொண்டு அமர்ந்தோம்.

முதலில் வண்டி எவ்வளவு ஓடும் என்று எண்ணினோம். நாகர்கோயிலுக்குப் போய் வருவது நாற்பது கிலோமீட்டருக்கு உட்பட்டது. திங்களொரு முறை அன்னையாரின் சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் சென்று மீள்வது ஏறக்குறைய 140 கிலோமீட்டர். உறவினர் திருமணம், திருவிழா யாவும் சேர்த்தும் ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டரைத் தாண்டாது. தமையனார் பாதி ஆண்டு கடலில் இருப்பார். எந்தையார்க்கு வண்டி ஓட்டத் தெரியாது.

டீசல் வண்டி லிட்டருக்கு 14 கிலோமீட்டர் ஓடுமெனவும், டீசல் 93 ரூபா எனவும் கொண்டால், 6,000 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 40,000 ரூபா ஆகும். மின்வண்டி யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் ஓடுமெனவும், யூனிட் 9 ரூபா எனவும் கொண்டால், 9,000 ரூபா ஆகும். ஆண்டுக்கு 31,000 ரூபா மிச்சம். இதுகண்டு தமையனார் முகம் மலர்ந்தது. ஆனால், கணக்கு ஆண்டோடு முடியவில்லை. 15 இலட்சம் ரூபாவை நூற்றுக்கு 9 வட்டியில் ஏழாண்டுத் தவணைக்குக் கடன் பெற்றால், மாதந்தோறும் ஏறக்குறைய 24,100 ரூபா கட்டவேண்டும். வட்டி மட்டும் 5 இலட்சத்து 27 ஆயிரம். அஃதாவது ஆண்டொன்றுக்குச் சராசரி 75,000 ரூபா. மிச்சமாவதினும் வட்டி இரு மடங்குக்கு மேல் நின்றது!

ஈண்டு யாம் ஓர் உண்மை கண்டோம். மின்வண்டியின் இலாபம் அதனை வைத்திருப்பவனுக்கன்று, மிக ஓட்டுபவனுக்கே. ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர் ஓடும் வாடகை வண்டிக்காரனுக்கு இதே கணக்கில் ஒன்றரை இலட்சம் ரூபா மிஞ்சும். எமது முற்றத்தில் நிற்கும் வண்டிக்கு உப்புக்காற்றே மிஞ்சும். அன்றியும், எம் வீட்டு மின்னிணைப்பு ஒருமுனை இணைப்பு. 79 யூனிட் மின்கலம் முழுதும் நிரம்ப, 7.2 கிலோவாட்டுக் கருவி பதினொரு மணி நேரம் ஓயாது உழைக்கவேண்டும். அதற்கு மின்வாரியத்தில் கூடுதற் பளு கேட்டு எழுதவேண்டும். 656 கிலோமீட்டர் செல்லும் எனச் சோதனைச் சான்று பெற்ற அம்மின்கலத்தை நாற்பது கிலோமீட்டருக்காகச் சுமந்து திரிவது, ஒரு செம்பு நீருக்குக் கிணற்றையே பெயர்த்துக்கொண்டு செல்வது போலாம்.

கணக்கைக் கேட்டு முடித்த எந்தையார் சிறிது நேரம் வாளாவிருந்தார். பிறகு கூறினார்: "மக்களே, வண்டி நல்ல வண்டிதான், நான் குறை சொல்லவில்லை. ஆழக்கடலுக்குப் போகிறவன் வள்ளத்தில் இரண்டு எஞ்சின் வைத்துக்கொண்டு போவான். ஒன்று நின்றுபோனால் மற்றதால் கரை சேருவான். நீ இரண்டு எஞ்சினையும் விற்று ஒரு பெரிய எஞ்சின் வாங்கப் பார்க்கிறாய். அது நின்றுபோனால்?"

யாவரும் மௌனமாயினோம். 2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் எம் கடலைக் கலக்கியபோது, எம் தாய்மாமனார் ஆழ்கடலில் இருந்தார், மீண்டு வந்திலர். விசைப்படகிற் பங்கு வாங்க அவர் பெற்ற கடன் மட்டும் கரையில் நின்றது. படகும் போயிற்று, ஆளும் போனார். தவணை நாள் தவறாது வந்தது. அத்தையார் தம் நகைகளையும், பின்னர் மனையையும் விற்று அதனைத் தீர்த்தார். எந்தையார் அவர் பெயரை எடுக்கவில்லை, எடுக்கவேண்டியதும் இல்லை.

அவ்விரவு எமக்குத் துயில் வரவில்லை. அலையோசை கேட்டுக் கிடக்கையில், வகுப்பிற் கற்ற புறநானூற்றின் 102-ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. ஒளவையார் பாடியது. உமணர் என்னும் உப்பு வணிகர் பாரம் மிகுந்த வண்டியோடு நெடுவழி செல்லுங்கால், பள்ளத்தில் யாது நேருமோ, மேட்டில் யாது நேருமோ என்று எண்ணி, வண்டியின் அடியில் மற்றோர் அச்சினையும் கட்டிச் செல்வர். அதற்குச் சேமவச்சு என்று பெயர். அதியமான் மகன் பொகுட்டெழினியை அச்சேமவச்சிற்கு ஒப்பிட்டார் ஒளவையார். தேர்வுக்காக அதன் உரையை நெட்டுருச் செய்தபோது, அஃது ஒரு பழைய வண்டியின் உறுப்பு என்ற அளவே எமக்குப் புலனாயிற்று. எழுத்தறியாத எந்தையார் இரண்டு எஞ்சினைப் பற்றிக் கூறிய பின்னரே அப்பாட்டின் பொருள் எமக்கு விளங்கியது. பாரம் ஏற்றுதல் குற்றமன்று. நெடுவழி செல்லுதலும் குற்றமன்று. சேமவச்சு இன்றிச் செல்லுதலே குற்றம்.

மறுநாட் காலையில் அதனைத் தமையனாரிடம் கூறினோம். அவர், "எல்லாம் சரிதான் தம்பி, ஆனால் அந்தச் செய்தித்தாள்?" என்றார். அதற்கு எம்மிடம் விடையில்லை. கணக்கேட்டில் அதற்கு ஒரு பத்தி ஒதுக்க யாம் மறந்துபோனோம். மானத்தின் விலையை எவ்வாறு எண்ணால் எழுதுவது?

அடுப்பங்கரையிலிருந்து அன்னையாரே விடை கூறினார். "எனக்காக என்றால், மக்களே, முப்பது இலட்சம் எதற்கு? நான் இருக்கிற இடத்தில் காகிதம் விரிக்க ஆள் இல்லாத வண்டி எதுவானாலும் போதும். நம் வண்டியாய் இருந்தால் அதுவே போதும்."

முடிவு அவ்விடத்தே பிறந்தது. பத்து இலட்சம் ரூபா அளவில் சிறிய மின்சார வண்டி ஒன்றைக் கடனின்றி வாங்குவதென்று துணிந்தோம். 2022-ஆம் ஆண்டு வெளிவந்த டாட்டா டியாகோ மின்வண்டி அவ்வகையினது. அதன் 24 யூனிட் மின்கலம் திருவனந்தபுரம் சென்று மீளப் போதியது. எஞ்சிய ஏழு இலட்சமும் வங்கியில் இருக்கும். தமையனார் கப்பல் கிடையாது ஓராண்டு ஊரில் இருக்க நேரினும், அன்னையாரின் சிகிச்சை நில்லாது. பெரிய வண்டியை யாம் வெறுத்து விட்டோமல்லோம். கடனும் இன்றிச் சேமவச்சும் குறையாது வாங்கும் நாள் வருமாயின் அன்று அதனை மகிழ்ந்து வாங்குவோம்.

தமையனார் சிறிய வண்டியை வாங்கி நிறுத்திவிட்டுக் கப்பலுக்குச் சென்றார். அன்னையாரைத் திருவனந்தபுரத்திற்கு இப்போது யாமே ஓட்டிச் செல்கின்றோம். முதல் நாள் அவர் செருப்பைக் கழற்றக் குனிந்தார். பிறகு எம்மை நோக்கி நகைத்து, அவ்வாறே ஏறி அமர்ந்தார்.

தோழர்காள், நம்முட் பலர் இன்னும் சில ஆண்டுகளிற் பொருளீட்டப் புகுவோம். தவணையிற் பொருள் தருவார் பலர் நம் வாயிலில் வந்து நிற்பர். அவர் காட்டும் பொருள் நல்லதாகவும் இருக்கும். அப்போது பொருளின் குணத்தை மட்டும் நோக்காது, நம் வழியின் நீளத்தையும், நாம் உண்மையில் விரும்புவது எதனை என்பதையும் நோக்குவோமாக. வண்டியின் அடியிற் சேமவச்சு இருக்கின்றதா என்றும் ஒருமுறை குனிந்து பார்ப்போமாக.