துண்டுச்சீட்டு போதாது தோழர்களே, பில் போடுங்கள்

வன்கொடுமை வழக்குகளுக்காக ஆரணிப் பக்கம் போகும்போது என்னிடம் அதிகம் வரும் கேள்வி வேறு. "சேலை கொடுத்து நாலு மாசம் ஆச்சுண்ணா, கடைக்காரர் பணம் தரல. என்ன பண்றது?" நாலைந்து தறி போட்டுப் பட்டு நெய்து கொடுக்கும் நம் பிள்ளைகள் கேட்பது இது. பில் எங்கே என்றால் ஒரு துண்டுச்சீட்டை நீட்டுவார்கள். சில நேரம் அதுவும் இருக்காது.

பில் கேட்டால் அடுத்த ஆர்டர் வராதோ என்ற பயம். அந்தப் பயத்தில் சாதியும் இருக்கிறது. சொந்தம், சாதி என்று நம்பி வியாபாரம் செய்பவருக்குப் பணம் நின்றுபோனால் பேசி வாங்கித் தர ஊரில் ஆள் உண்டு. நமக்கு யார் பேசுவார்? காகிதம்தான் பேச வேண்டும்.

முதல் வேலை, உத்யம் பதிவு. இணையத்தில் இலவசம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. பதிவுக்குப் பின் கொடுத்த சரக்குக்குத்தான் இந்தப் பாதுகாப்பு என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே இன்றே பதியுங்கள். வழி கேட்க மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது.

ஜிஎஸ்டி எண் இல்லாதவரும் சாதாரண பில் போடலாம். வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள், அதுவும் சாட்சியம். பாக்கிக்கு வழக்குப் போட பொதுவாக 3 ஆண்டுதான். அதற்குள் கடைக்காரர் பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அன்றிலிருந்து மறுபடி 3 ஆண்டு. காசோலை திரும்பினால், வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்புங்கள். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார்.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப் பணிகள் குழுவில் இலவச உதவி உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை அது.

"கேஸ் போட்டவன்கிட்ட யாரும் சரக்கு வாங்காதீங்க" என்று சாதியாகச் சேர்ந்து ஒதுக்கினால்? முதல் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் கொடுத்த கோரிக்கையில், வியாபாரம் செய்ய மறுத்து ஒதுக்குவதைக் குற்றமாக்கச் சொன்னார்கள். பல பத்தாண்டுகள் கழித்து, 2015ஆம் ஆண்டுத் திருத்தம் பொருளாதாரப் புறக்கணிப்பை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சேர்த்தது. வழக்கமான வியாபார விதிகளின்படி நடக்க மறுப்பதும் அதில் அடங்கும். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. ஆனால் அதை நிரூபிக்க, இதுவரை வியாபாரம் நடந்ததற்கு ஆதாரம் வேண்டும். மறுபடியும் அதே பில்தான்.

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வந்துவிட்டது. நெய்தவருக்குப் பணம் வர வேண்டாமா? படிக்கும் தோழர்கள் இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தெருவில் தொழில் செய்யும் ஒருவருக்கு உத்யம் பதிவு செய்து கொடுங்கள். கையோடு ஒரு பில் புத்தகமும் வாங்கிக் கொடுங்கள்.