‘கோமதி’யைக் காணோம்!

அன்றைக்கு இரவு பத்தரை மணி இருக்கும். காய்ச்சல் குறையவில்லை என்று அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்த அப்பாவிடமிருந்து போன்.

“போன தடவை ஒரு ஊசி போட்டு அம்மாவுக்கு உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சே, அது என்ன மருந்துன்னு டாக்டர் கேக்கறார். அந்தச் சீட்டை ஸ்கேன் பண்ணி வெச்சிருக்கேன். கம்ப்யூட்டர்ல ‘கோமதி’ன்னு தமிழ்ல தேடு, வந்துடும்.”

கோமதி, அம்மாவின் பெயர்.

தேடினேன். ‘0 கோப்புகள்’ என்றது கணினி. மறுபடி தட்டினேன். மறுபடியும் பூஜ்யம். மின்சாரக் கட்டண ரசீது முதல் பேத்தியின் ஓவியம் வரை ஸ்கேன் செய்து சேர்த்து வைக்கிறவர் அப்பா. அந்த ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனேன். நாற்பது நிமிடம் கழித்து, கண் முன்னால் வந்து நின்றது ‘கோமதி ஊசி அலர்ஜி’. போட்டோ எடுத்து அனுப்பினேன். அம்மாவுக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். மூன்றாம் நாள் வீடு திரும்பிவிட்டார்.

என் கோபம்தான் அன்றிரவு இறங்கவில்லை. கணினியோடு வரும் தேடல் வசதிக்குப் பதிலாக, வேகமாக இருக்கிறதே என்று ஓர் இலவச மென்பொருளை அப்பாவுக்குப் போட்டுக் கொடுத்தவன் நான்தான். இப்படி மாற்று வைத்துக்கொள்வது புதிதல்ல. 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது ஸ்டார்ட் பட்டனைக் காணாமல் தவித்த பலர், ‘கிளாசிக் ஷெல்’ போன்ற இலவச மென்பொருள்களால்தான் பழைய மெனுவை மீட்டார்கள். கோப்புகளைச் சுருக்க 7-ஜிப், குறிப்பெழுத நோட்பேட்++ என்று நம்மில் பலருடைய கணினியிலும் இப்படி ஒன்றிரண்டு இருக்கும்.

அந்த மென்பொருளை எழுதியவருக்கு நள்ளிரவில் ஒரு கடிதம் தட்டினேன். “உங்கள் மென்பொருள் தமிழில் வேலை செய்யவில்லை. ஓர் உயிர் போயிருக்கும். எதற்கு இதெல்லாம் வெளியிடுகிறீர்கள்?”

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. கோபமே இல்லை. அம்மா எப்படி இருக்கிறார் என்று விசாரித்துவிட்டு, நான்கு கேள்விகள் கேட்டிருந்தார். எந்தப் பதிப்பு? என்ன தட்டினீர்கள்? என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள்? என்ன வந்தது? பகலில் வேறு வேலைக்குப் போய்விட்டு, இரவில்தான் இதைக் கவனிக்கிறாராம். அதனால் பதில் தாமதமாகிவிட்டது என்று மன்னிப்பு வேறு.

அதைப் படித்துக் காட்டியதும் அப்பா சிரித்தார். அவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். 198-க்கு வரும் புகார்களைப் பல வருஷம் எழுதியிருக்கிறார்.

“ ‘போன் டெட்’னு கத்திட்டு வெச்சுடுவாங்க. டயல் டோன் வருதா, மணி அடிக்குதா, நேத்து மழை பெஞ்சுதா, பக்கத்து வீட்டு போன் வேலை செய்யுதா? இதைச் சொன்னாத்தானே லைன்மேன் எந்தக் கம்பத்துல ஏறணும்னு தெரியும்? நீ எழுதினதும் ‘போன் டெட்’தான்டா.”

வெட்கமாக இருந்தது. உட்கார்ந்து ஒழுங்காக எழுதினேன். நான் தட்டிய பெயரையும், கோப்பில் இருந்த பெயரையும் அப்படியே நகலெடுத்து அனுப்பினேன். தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாத அவர் கண்டுபிடித்துவிட்டார். “பார்க்க இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஒன்றில் 5 குறியீடுகள், இன்னொன்றில் 6. எது சரி?”

அப்பா டைப்ரைட்டிங் பழகியவர். முதலில் இரட்டைக் கொம்பு, அப்புறம் ‘க’, கடைசியில் துணைக்கால் என்று தட்டுவார். அவருடைய பழைய தட்டச்சு மென்பொருள் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடாகவே சேமித்திருந்தது. நான் தட்டும் முறையிலோ இரண்டும் சேர்ந்து ஒரே குறியீடு. திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது. இரண்டையும் சமமாகக் கருத வேண்டும் என்பதுதான் யூனிகோட் விதி. அதை அந்த மென்பொருள் பார்க்கவில்லை. குறியீடுகள் பொருந்தாததும் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டது.

“இரண்டுமே சரி” என்று பதில் எழுதினேன். சில வாரங்களில் புதிய பதிப்பு வந்தது. மாற்றங்களின் பட்டியலில் இதற்கும் ஒரு வரி. அப்பா ‘கோமதி’ என்று தட்டினார். வரிசையாக வந்து நின்றன, அம்மாவின் அத்தனை சீட்டுகளும். கோபால், சோமு, மோகன் என்று பெயர் வைத்த கோப்புகளும் இனி இப்படித் தொலையாது. நாங்கள் பார்த்தே இராத யாரோ ஒருவருக்கும் ஒருநாள் இது உதவும்.

போனில் ஓர் ஆப் தகராறு செய்தால் ‘வேஸ்ட்’ என்று ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போகிறவன்தான் நான். இப்போதெல்லாம் அந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் எழுதிவிட்டுத்தான் மறுவேலை.

புதிய பதிப்பு வந்த அன்று இரவு அப்பா கேட்டார், “சரியாயிடுச்சுன்னு அந்தத் தம்பிக்கு ஒரு வரி எழுதினியா?”

இல்லை என்றேன்.

“198-ல அத்தனை வருஷம் உக்காந்திருந்தேன். போன் சரியாயிடுச்சுன்னு ஒருத்தர்கூடக் கூப்பிட்டுச் சொன்னதில்ல. எழுதிடு.”

எழுதினேன். அம்மா நலம் என்பதையும் சேர்த்து.