இரண்டு புலி முத்திரை

கூரை ஒழுகி, பீரோவை நகர்த்த வேண்டி வந்ததால் அப்பாவின் பிஸ்கட் டின் வெளியே வந்தது. மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தேன். பழைய கரண்ட் பில்கள், தைப்பூச அன்னதானத்துக்குக் கொடுத்த நன்கொடைச் சீட்டு, நாலாக மடித்த ஒரு கடிதம். தலைப்பில் மலேசியாவின் முத்திரை. கேடயத்தின் இரு பக்கமும் இரண்டு புலிகள் பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கும். அதற்குக் கீழே மலாயில் மூன்றே வரி. உங்கள் கடிதம் கிடைத்தது, கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது, நன்றி.

அந்தப் பதிலுக்கு முந்தைய கடிதத்தை எழுதியவள் நான்தான். மூன்றாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா தமிழில் சொல்லச் சொல்ல, எனக்குத் தெரிந்த பள்ளிக்கூட மலாயில் எழுதினேன். "குரங்குன்னு மட்டும் எழுதாதம்மா, கண்ணாடிக்காரன்னு எழுது" என்றார். கண்ணாடிக்காரனுக்கு மலாயில் என்ன சொல்வது? லோத்தோங் என்று எழுதிவிட்டு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ளது என்று அடைப்புக்குறிக்குள் விளக்கம் போட்டேன்.

அப்பா பினாங்கில் தண்ணீர்மலைப் பூந்தோட்டத்தில் தோட்டக்காரர். 1884-இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்ற வெள்ளைக்காரர் பொறுப்பேற்று வளர்த்த தோட்டம் அது. விடியும்போதே தண்ணீர்க் குழாயைத் தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டு அப்பா இறங்கிவிடுவார். மாலையில் திரும்பும்போது தோளில் குழாய் அழுந்திய தடம் சட்டைக்கு மேலேயே தெரியும்.

தோட்டத்தில் இரண்டு சாதிக் குரங்குகள். பழுப்பு நிறத்தில் கும்பலாக வரும் கூட்டம் ஒன்று. அது மலைக்கோயிலுக்கு வருபவர்களின் தேங்காயையும் வாழைப்பழத்தையும் பிடுங்கும், அர்ச்சனைத் தட்டையே கவிழ்த்துவிடும். மற்றது கண்ணாடிக்காரன். சாம்பல் உடம்பு, நீண்ட வால், கண்ணைச் சுற்றி வெள்ளை. இலைதான் அதற்குச் சோறு. பெரும்பாலும் தரைக்கு வராது. பிறந்த குட்டி மட்டும் காவி நிறத்தில் இருக்கும். சில மாதங்களில் சாம்பலாகிவிடும். "முருகனுக்கு நேர்ந்துக்கிட்டுப் பிறந்த பிள்ளை, வேண்டுதல் முடிஞ்சதும் துணி மாத்திக்கும்" என்று அப்பா சொல்வார். தைப்பூசம் பார்த்து வளர்ந்த எனக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை, நம்பினேன்.

எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் சாலையின் இரு பக்கக் காட்டையும் ஒரு தூங்குமூஞ்சி மரம்தான் சேர்த்து வைத்திருந்தது. அதன் கிளை வழியாகத்தான் கண்ணாடிக்காரன் கூட்டம் போய் வரும். சாலையை அகலப்படுத்த மரத்துக்குச் சிவப்பு மையில் குறி போட்டிருந்தார்கள். அதை வெட்ட வேண்டாம் என்பதுதான் கடிதம். எந்த அலுவலகத்துக்கு அனுப்பினோம் என்பது இருக்கட்டும். மரத்தை வெட்டி இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. அப்பா கோபப்பட்ட ஞாபகம் எனக்கு இல்லை. புலி முத்திரை போட்ட தாள் தன் பெயருக்கு வந்ததை அடுத்த வீட்டுக்காரரிடம் காட்டினார். அந்தப் பெருமிதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அந்தப் புலிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1950-களில் தீபகற்ப மலேசியாவில் மூவாயிரம் புலிகள் இருந்திருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. 2016-இலிருந்து 2020 வரை நடத்திய தேசியக் கணக்கெடுப்பில் நூற்றைம்பதுக்கும் கீழே போய்விட்டது. ஓர் அலுவலகம் ஒரே நாளில் அச்சடிக்கும் தாள்களில் இதைவிட அதிகம் புலி இருக்கும். கம்பிக் கண்ணி, துண்டு துண்டாகிப் போன காடு, இரை மான் குறைந்தது என்று காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான்.

2019-ஐ நினைத்தால் எனக்கு இரண்டு சாவுகள் சேர்ந்தே வரும். மே மாதம் எஸ்.எம். முகமது இத்ரிஸ் காலமானார். அதே மாதம் சபாவில் தாம் என்ற சுமத்ரா காண்டாமிருகம் செத்தது. மலேசிய மண்ணில் மிஞ்சிய கடைசி ஆண் அது. நவம்பரில் இமான் என்ற பெண்ணும் போனதோடு இந்த நாட்டில் அந்த இனமே முடிந்தது. இமான் போன செய்தியைக் காலைப் பசியாறும்போது படித்தேன். ரொட்டி சானாயைப் பிய்த்த கை அப்படியே நின்றது என்று எழுதினால் பொய். சாப்பிட்டு முடித்தேன். பிறகுதான் உறைத்தது.

இத்ரிஸ் இந்தியாவில் பிறந்து சிறுவயதில் பினாங்குக்கு வந்து சேர்ந்தவர். வெள்ளை உடையிலேயே பார்த்த மனிதர். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்குப் பல பத்தாண்டுகள் தலைவராக இருந்தார். 1977-இல் சஹாபாட் ஆலாம் மலேசியா என்ற சுற்றுச்சூழல் அமைப்பையும் தொடங்கினார். அவர் பெயரில் நாளிதழ்களுக்கு வராத கடிதமில்லை. உணவில் கலப்படம், பூச்சிமருந்து, காடு, ஆறு, மீனவர், குரங்கு எல்லாவற்றுக்கும் ஒரு கடிதம். கிண்டல் செய்தவர்கள் உண்டு. அப்பா கிண்டல் செய்யவில்லை. ஒட்டுக்கடையில் அந்தப் பக்கத்தை மட்டும் கேட்டு வாங்கி வந்து என்னிடம் படிக்கச் சொல்வார். சரவாக் காடுகளுக்காகப் போராடியதற்கு 1988-இல் சஹாபாட் ஆலாமுக்கு மாற்று நோபல் என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. விருதுக்குப் பிறகும் கடிதம் நிற்கவில்லை.

பினாங்கின் கொடிமலை விவகாரம் 1990-இல். உச்சியில் ஹோட்டல், கேளிக்கை மையம் என்று ஒரு பெரிய திட்டம். ஊரே கிளம்பியது. 'கொடிமலை நண்பர்கள்' என்று சங்கங்கள் சேர்ந்து கையெழுத்து வாங்கினார்கள். ஒரு சீனப் பெண் பலகையில் கிளிப் போட்ட தாளோடு எங்கள் வீட்டுக்கும் வந்தாள். அப்பா தயங்கினார். "கவர்மெண்டு சம்பளம் வாங்குறவன், கவர்மெண்டுக்கு எதிரா எப்படிப் போடறது?" அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "மலை கவர்மெண்டு வர்றதுக்கு முன்னாடியே இருக்கு, போடுங்க." அப்பா தமிழில் கையெழுத்துப் போட்டார், அதுதான் அவருக்குத் தெரியும். அந்தப் பெண் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பக்கத்தில் ஐசி எண்ணை எழுதச் சொன்னாள்.

திட்டம் கைவிடப்பட்டது. 2021 செப்டம்பரில் யுனெஸ்கோ கொடிமலையையும் சுற்றியுள்ள காட்டையும் கொஞ்சம் கடலையும் சேர்த்து 12,481 ஹெக்டேரை உயிர்க்கோளக் காப்பகம் என்று அறிவித்தது. படங்களோடு செய்தி வந்தது. அந்த ஆண்டு அப்பா இருந்திருந்தால் பிஸ்கட் டின்னுக்கு இன்னொரு தாள் கிடைத்திருக்கும்.

அதே செப்டம்பரில், ஒரு வாரம் முன்னால், இன்னொரு செய்தியும் வந்தது. அதற்கு அவ்வளவு படம் இல்லை. தீவின் தெற்குக் கரையில் கடலை நிரப்பி மூன்று செயற்கைத் தீவுகள், மொத்தம் 4,500 ஏக்கர். அதற்குக் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியை மேல்முறையீட்டு வாரியம் ரத்து செய்தது. வழக்குப் போட்டவர்கள் சுங்கை பத்து மீனவர்கள் ஆறு பேர்.

என்னோடு ஆலையில் வேலை பார்த்த சித்தியின் (உறவுமுறை இல்லை, பெயரே சித்தி, மலாய்க்காரி) அப்பா அதே தெற்குக் கரையில், தெலுக் கும்பாரில் படகு வைத்திருந்தவர். நோன்புப் பெருநாளுக்கு ஒரு முறை அழைத்துப் போனாள். வற்றுக்கடல் நேரம். எனக்கு அது வெறும் சேறு, நாற்றம். பெரியவர் என்னைச் சேற்று ஓரம் நிறுத்தி, குழிகளைக் காட்டினார். இது நண்டு, இது சிப்பி, அங்கே இறால் குஞ்சு. குழந்தைப் பள்ளிக்கூடத்தை மூடினால் பெரிய பள்ளிக்கு யார் வருவார்கள் என்று கேட்டார். நான் சேற்றில் சிக்கிய செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இத்தனை வருடத்துக்குப் பிறகு எனக்குப் படுவது இதுதான். மலைக்குக் காதலர்கள் இருந்தார்கள். ரயிலில் ஏறினவன், பனியில் போட்டோ பிடித்தவன், தேனிலவு போனவன் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். சேற்றை யார் போய்ப் பார்த்தார்கள்? அரசாங்கம் அழகானதைக் காப்பாற்றி விருது வாங்குவதற்குத் தயங்குவதில்லை. அழகில்லாததற்கு மேல் மண்ணைக் கொட்டுகிறது. 2023 ஏப்ரலில் புது அனுமதி, மே மாதம் மூன்று தீவு ஒன்றாகக் குறைந்தது, 2,300 ஏக்கர், செப்டம்பரில் வேலை தொடங்கிவிட்டது. குறைத்தது மனுக்களால்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். மிச்சம் ஒரு தீவு இருக்கிறதே.

சேற்றை மதித்தவர்களும் மீனவர்கள் பக்கமே இருந்தார்கள். செபராங் பிறையில் இலியாஸ் ஷாஃபி என்ற மீனவரும் அவரது கரையோர மீனவர் நலச் சங்கமும் 1997-இலிருந்தே பக்காவ் எனும் அலையாத்தி மரக் கன்றுகளை நட்டார்கள். யாரும் அப்போது பெரிதாகக் கேட்கவில்லை. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தது. பினாங்கில் மட்டும் 52 பேர் போனார்கள். அதற்குப் பிறகு பக்காவ் என்றால் என்ன என்று அமைச்சர்களுக்கும் தெரிந்தது.

ஏன் அரசுக்கு எழுதுவது இவ்வளவு சிரமம் என்று ஒருநாள் வழக்கறிஞராக இருக்கும் தம்பி மகனிடம் கேட்டேன். "அத்தை, எந்த அரசுக்கு?" என்றான். நிலமும் காடும் அரசியல் சட்டப்படி மாநிலத்தின் கையில். உலக மாநாட்டில் கையெழுத்துப் போடுவது கோலாலம்பூர். 2022 டிசம்பரில் மொன்றியாலில் 196 நாடுகள் ஒத்துக்கொண்டதும் அப்படித்தான், 2030-க்குள் நிலத்திலும் கடலிலும் முப்பது சதவீதத்தைக் காப்பது. மாநிலத்துக்கு வருமானம் நிலத்திலிருந்தும் மரத்திலிருந்தும்தான் வருகிறது. மரம் நின்றால் காசு இல்லை, விழுந்தால் காசு. நிற்கும் காட்டுக்கும் பணம் கொடுப்போம் என்று மத்திய அரசு 2019-இல் ஆறு கோடி ரிங்கிட்டில் தொடங்கியது, 2024-க்கு இருபது கோடியாயிற்று. நல்ல வேலைதான். ஆனால் பினாங்கில் விற்க நிலம் தீர்ந்துபோய், கடலிலிருந்தே நிலத்தை உண்டாக்கி, அதை விற்று ரயில் விடலாம் என்று கணக்குப் போட்ட மாநிலத்துக்கு இருபது கோடி என்ன மூலைக்கு?

"ரெண்டு கடிதமா எழுதுங்க" என்றான். சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

போன பள்ளி விடுமுறையில் பேத்தியைத் தெலுக் பஹாங்குக்கு அழைத்துப் போனேன். அங்கே சாலைக்கு மேலே ஒரு கயிற்றுப்பாலம் மாதிரி ஒன்று தொங்குகிறது. 2019-இல் லங்கூர் புராஜெக்ட் பினாங்கு என்ற குழு கட்டியது. அங்கே வாழ்ந்த கூட்டத்தின் தலைவனான ஆ லாய் என்ற கண்ணாடிக்காரனின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். அதிகாரிகளிடம் பேசி, அனுமதி வாங்கி, மின்கம்பியில் ஓடிக் கருகாமலும் சாலையில் அடிபடாமலும் அவை கடக்க வழி செய்திருக்கிறார்கள். எங்கள் தூங்குமூஞ்சி மரத்தின் கிளை செய்த வேலை.

காத்திருந்தோம். பேத்திக்கு ஐஸ் கச்சாங் உருகியது. வெகு நேரம் கழித்து ஒன்று வந்தது, நின்று பார்த்தது, போய்விட்டது. பிறகு இன்னொன்று, வயிற்றில் காவிக் குட்டியோடு. நடுவில் பாலம் ஆடியது.

"என்ன கயிறு பாட்டி அது?"

நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். கயிறில்லை. தீயணைப்பு வண்டியில் ஓய்ந்துபோன பழைய தண்ணீர்க் குழாய்.