எதிர் மறை

என் கையில் பாதி போல்ட் இருந்தது. மீதிப் பாதி ஹப்புக்குள் சிக்கிக்கொண்டது. முன்பொரு பட்டறையில் வண்டியை விட்டபோது நேர்ந்த சேதம் என்றார் பெரியவர். ஸ்பானரில் நாலடி பைப்பைச் சொருகி, இரண்டு பையன்கள் மேலே ஏறி மிதித்திருக்கிறார்கள். கழற்றுவதாக நினைத்துக்கொண்டு இறுக்கியிருக்கிறார்கள்.

"லெப்ட் சைடு வீலுக்கு லெப்ட் த்ரெட் சார். ஓடுற ஓட்டத்துல தானா லூஸாயிடக் கூடாதுன்னு கிரைஸ்லர்காரன் அப்படி வெச்சிருக்கான்."

எதிர் மறை. மறை கழன்றவர் என்றுதான் தெருவே அவரைப் பற்றிப் பேசுகிறது. திருவள்ளூர் காக்களூரில் வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு, ஆறு வருடமாக 1953 டாட்ஜ் கிங்ஸ்வே ஒன்றைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறார். ஊருக்குப் பக்கத்தில் மண் வாரும் இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் பிட்டராக இருந்தவர். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது அது இந்துஸ்தான் மோட்டார்ஸ். ஓய்வு பெற்றபோது கேட்டர்பில்லர். கேட் மாறவில்லை, போர்டு மாறியது.

அமெரிக்கக் கார் என்றாலும் இது கப்பலில் முழுதாக வந்து இறங்கியதல்ல. வால்சந்த் ஹிராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், கிரைஸ்லர் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு பம்பாய் குர்லாவில் பூட்டிய வண்டி. உடம்பு பிளிமத்தினுடையது, நெற்றியில் மட்டும் டாட்ஜ். சென்னை, பம்பாய், கல்கத்தாவில் கார் பூட்டிவந்த ஃபோர்டு கம்பெனி, 'பாகங்களை இங்கேயே செய், இல்லையென்றால் கிளம்பு' என்று அரசு நெருக்கியதும் ஐம்பதுகளின் நடுவில் மூட்டை கட்டியது. பிரீமியர் தங்கியது. 'பிளஷர்' என்று நம் தாத்தாக்கள் சொன்ன வண்டிகளில் இதுவும் ஒன்று.

இந்த பிளஷர் வாடகைக்கும் ஓடியிருக்கிறது. 1973இல் எண்ணெய் விலை ஏறிய பிறகு, சுமார் 3.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்குத் தீனி போட யாரால் முடியும்? அப்போதைய சொந்தக்காரர் அதை இறக்கிவிட்டு பெர்கின்ஸ் டீசல் எஞ்சினை ஏற்றிவிட்டார். இறக்கியதை விற்காமல் மாட்டுக் கொட்டகையில் போட்டுவைத்ததுதான் புண்ணியம். வால்வுகள் பிளாக்கிலேயே பக்கவாட்டில் நிற்கும் ஆறு சிலிண்டர் எஞ்சின் அது. எஞ்சின் மாறியதை ஆர்.சி. புத்தகத்தில் யாரும் ஏற்றவே இல்லை. அந்தச் சோம்பலால் புத்தகத்தில் பழைய எண்ணே இருக்கிறது.

அந்த எண்ணுக்கு இன்று மதிப்பு உண்டு. 2021இல் வந்த மத்திய விதியின்படி ஐம்பது வயது தாண்டிய வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம். பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும், கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றும் பழைய வடிவிலேயே இருக்க வேண்டும். டீசலைக் கழற்றியெறிய இது ஒரு காரணம். அதன் சத்தம் பிடிக்கவில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

அப்படியென்றால் எதைத்தான் மாற்றினார்? பெட்ரோல் பம்ப்பின் டயாப்ரமும் ஹோஸ்களும் புதிது. எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் கொழகொழத்துவிடுகிறது. சீட் பெல்ட் புதிது. துணி சுற்றிய வயர்களை உருவிவிட்டு பி.வி.சி. வயர் இழுத்திருக்கிறார். பன்னிரண்டு வோல்ட்டுக்கு மட்டும் போகவில்லை. "ஆறு வோல்ட்டுன்னா லைட்டு மங்கும்னு எல்லாரும் சொல்றாங்க. மங்குறது வயரால சார்." அவர் சொல்வது சரிதான். வோல்ட் பாதியானால் அதே வேலைக்குக் கரண்ட் இரட்டிப்பாகப் பாய வேண்டும். வயரும் அதற்கேற்பத் தடிமனாக இருக்க வேண்டும். செல்ப் மோட்டாருக்கு அவர் இழுத்திருப்பது கட்டைவிரல் பருமனில் வெல்டிங் கேபிள். ஒரு தட்டில் சுற்றுகிறது.

எலெக்ட்ரீஷியன் பையன் முதல் நாள் வழக்கம்போல மைனஸை பாடியில் பூட்டிவிட்டானாம். இதில் பிளஸ்தான் பாடிக்கு. அம்மீட்டர் முள் தலைகீழாக ஓட, "வண்டிக்குப் பைத்தியம் புடிச்சிருக்குணா" என்று பையன் இறங்கிப் போய்விட்டான்.

நான் போனது பின் பிரேக் டிரம்மைக் கழற்றும் நாளில். ஆக்ஸில் முனை கூம்பு. அதன்மேல் டிரம் ஒரு சாவிக்கட்டையோடு இறுகி உட்கார்ந்திருக்கும். சுத்தியலால் அடித்தால் ஆக்ஸில் மறை நசுங்கும், பேரிங் போகும். புல்லர் வேண்டும். கடையில் கிடைக்கும் மூன்று கால் புல்லர் டிரம்மின் விளிம்பைப் பிடித்து இழுத்து டிரம்மையே வளைத்துவிடும். சக்கர போல்ட் துளைகளில் பிடிக்கிற புல்லர்தான் சரி. அதைச் செய்து கொடுத்தவர் கும்மிடிப்பூண்டியில் லேத்து வைத்திருப்பவர்.

பெரியபாளையம் வழியாக அங்கே போய் வாங்கி வந்தோம். சிப்காட் சாலையில் பழைய இரும்பு ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்றன. ஒரு லாரியில் கார் கதவுகளை அடுக்கி, பொட்டலம் போல அமுக்கியிருந்தார்கள். உலையில் உருகி, கட்டுமானக் கம்பியாக மறுபடி சாலைக்கு வரும். பெரியவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. லேத்துக்காரரோ கண்ணை எடுக்காமல் பார்ப்பவர். புல்லருக்கான முழு உருளைக் கம்பியையே அப்படியொரு குவியலில்தான் பொறுக்கினாராம். "இதுல மறை போட ஒரு நாள் முழுக்க ஆச்சுணா. டூல் ரெண்டு போச்சு." டூலுக்குக் காசு வாங்கினார். கூலிக்கு வாங்கவில்லை.

மதியம் புல்லரைப் பூட்டினோம். ஆக்ஸில் நட்டை முழுதும் எடுக்காமல் நாலு மறையில் விட்டார் பெரியவர். டிரம் தெறித்தால் ஆளைத் தூக்கிவிடும். புல்லரின் நடு போல்ட்டை இறுக்கினார், தலையில் ஒரு அடி, மறுபடி இறுக்கினார். ஒன்றும் அசையவில்லை. "விடுங்க, டீ குடிக்கலாம்" என்றார். பாதி டம்ளரில் இருந்தபோது கொட்டகைக்குள் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். தெரு நாய் எழுந்து ஓடியது. டிரம் அரை அங்குலம் வெளியே வந்து நட்டில் முட்டி நின்றது.

உள்ளே தூசியை யாரும் ஊதவில்லை. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்று தண்ணீர் விட்டே கழுவினார். வீல் சிலிண்டரில் குழி குழியாகத் துரு. கடைந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் ஏற்ற அதுவும் லேத்துக்காரரிடமே போகும். டிஸ்க் பிரேக் மாட்டலாமே என்று கேட்டேன். சிரித்தார். அமெரிக்காவிலிருந்து செட்டாக வரவழைக்கலாமாம். "நாளைக்கு ஊத்துக்கோட்டையில நின்னுட்டா யாரு சார் பாப்பாங்க? ஷூன்னா எவனாச்சும் ரிவிட் அடிச்சுக் குடுப்பான்."

கிளம்பும்போது பானெட்டைத் தூக்கிக் காட்டினார். உள்பக்கம் வெள்ளை பெயின்ட்டில், கடைப் பலகை எழுதுகிறவர் கையெழுத்தில் மூன்று வரிகள்: இடது சக்கரம் கழற்ற வலது பக்கம் திருகவும். பேட்டரி பிளஸ் பாடிக்கு. டிரம்மைத் தட்டாதே. எழுதியவர் நாலாவது வரியாக 'அன்னை துணை' போடட்டுமா என்று கேட்டாராம். இடம் விட்டு வையுங்கள், இன்னும் கியர்பாக்ஸ் பாக்கி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார் பெரியவர்.