"விழுந்துவிட்டேன்" என்று சொல்ல ஓர் இடம்

"பப்ஜி" என்ற சொல்லைக் கேட்டாலே நம் வீடுகளில் கோபம் மூளுகிறது. துப்பாக்கிச் சத்தம், தூக்கமிழந்த கண்கள், தீர்ந்துபோன டேட்டா ஆகியவைகளே நாம் அறிந்தவை. வைப்பின் தீவில் பிழைப்புக்காக வந்து குடியேறிய நம் தமிழ்த் தாய்மார் பலர் இதைக்குறித்து என்னிடம் முறையிட்டதுண்டு. கண்டிக்குமுன் அறிந்துகொள்வது நலம் என்றெண்ணி, நம் வாலிபர் நால்வர் விளையாடும்போது சில மாலைகள் அருகிலிருந்து கவனித்தேன்.

2018-ல் நம் நாட்டில் பரவிய பப்ஜி மொபைல், 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு தடைசெய்த 118 செயலிகளில் ஒன்று. 2021 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் அதன் இந்தியப் பதிப்பு வந்தது. 2022 ஜூலையில் அதுவும் அகற்றப்பட்டு, 2023 மே மாதம் மீண்டும் திரும்பியது. இதன் அமைப்பு எளிது. 100 பேர் விமானத்திலிருந்து ஒரு கற்பனைத் தீவில் குதிக்கிறார்கள். நால்வர் சேர்ந்தது ஓர் அணி. பாதுகாப்பான வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். இறுதிவரை நிலைத்திருக்கும் அணி வெல்லும்.

குறிதவறாமல் சுடுகிறவனே தலைவன் என்று எண்ணத் தோன்றும். அப்படியல்ல. எங்கே இறங்குவது, எப்போது நகர்வது, எந்தச் சண்டையைத் தவிர்ப்பது என்று தீர்மானிக்கிறவனே தலைவன். ஒருவன் முன்னேறுவான், ஒருவன் தொலைவிலிருந்து காவல்காப்பான், மற்றவன் தன்னிடமுள்ள மருந்தையும் தோட்டாக்களையும் பங்கிடுவான். அவர்கள் பேச்சும் சுருக்கமானது. "அங்கே பார்" என்றால் பயனில்லை. நால்வருக்கும் "அங்கே" வெவ்வேறு திசை. ஆகவே திரையிலுள்ள திசைகாட்டியைப் பார்த்து, "120, மரத்துக்குப் பின்னால, ஒருத்தன்" என்கிறார்கள். வைப்பின் அழிமுகத்தில் சீன வலை இழுக்கிறவர்களைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். கல் கட்டிய கயிறுகளை எல்லாரும் ஒரே நேரத்தில் இழுக்காவிட்டால் வலை எழும்பாது.

என்னைச் சிந்திக்கவைத்தது வேறொன்று. அடிபட்டவன் உடனே இறப்பதில்லை. தவழ்ந்தபடி உதவிக்குக் காத்திருப்பான். அவனையே தூண்டிலாக்கி எதிரி பதுங்கியிருப்பான். மூவரும் பதறி ஓடினால் நால்வரும் அழிவர். எனவே முதலில் புகைக்குண்டு வீசி மறைவு உண்டாக்குகிறார்கள். ஒருவன் காவல் நிற்க, ஒருவன் சென்று தூக்கிவிடுகிறான். ஏன் விழுந்தாய் என்று அந்நேரத்தில் எவனும் கேட்பதில்லை.

அந்த நால்வரில் ஒருவன் பத்தாம் வகுப்பு மாணவன். "நாக் ஆயிட்டேன், வாங்கடா!" என்று கூச்சமின்றிக் குரல்கொடுத்தான். அதே பிள்ளை மலையாளத் தேர்வில் தோற்றதை இரண்டு மாதம் வீட்டில் மறைத்திருந்தான். காரணம் கேட்டேன். "இங்க சொன்னா தூக்கிவிடுவாங்க, பாஸ்டர். வீட்டுல சொன்னா அடிதான் விழும்" என்றான். தகப்பன் இரவு வேலைக்குச் செல்கிறவர், தாய் இரண்டு வீடுகளில் உழைக்கிறவர். அவர்கள் அன்பற்றவர்கள் அல்லர், களைத்தவர்கள். ஆனாலும் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாகத் தத்தளிக்கும் பிள்ளைக்கு, விழுந்ததைச் சொல்ல ஓர் இடம் தேவைப்பட்டது. அதைக் கைப்பேசியில் கண்டுகொண்டான்.

சுடுவதை நான் புகழவில்லை. இரவெல்லாம் விளையாடுவதையும் ஏற்கவில்லை. 18 வயதுக்குட்பட்டோர் நாளுக்கு 3 மணி நேரத்துக்குமேல் ஆடக்கூடாதென்று 2021-லேயே அந்நிறுவனம் விதித்தது. படிக்கும் பிள்ளைக்கு அதுவும் மிகுதி. நேரத்தை நிர்ணயிப்பது நம் கடமை. ஆனால் ஓர் ஆட்டம் ஏறக்குறைய அரைமணி நேரம் நீடிக்கும். நடுவில் கைப்பேசியைப் பறித்தால், தன்னை நம்பிய மூவரைக் கைவிட்ட வேதனை பிள்ளைக்கு உண்டாகிறது. "இந்த ஆட்டத்தோடு நிறுத்து" என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் கீழ்ப்படிவான்.

அதற்கும் மேலாக, தோல்வியோடு வருகிற பிள்ளையிடம் முதலாவது கேள்வி கேளாதிருங்கள். அவன் அவமானத்தை அயலார் காணாதபடி மறையுங்கள். ஒருவர் அருகில் இருங்கள், ஒருவர் தூக்கிவிடுங்கள். ஏன் விழுந்தான் என்பதை அவன் எழுந்து நின்றபின் பேசலாம்.